வியாழன் காலை 11 மணிக்கு மலை ரயிலா, நேர்காணலா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் சீனியர் அக்கவுன்டன்டாக இருக்கிறேன். மூன்று மாதங்களாகச் சம்பளம் தள்ளித் தள்ளி வருகிறது. சென்ற மாதம் 19ஆம் தேதிதான் வந்தது. அதனால் வெளியே வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். நல்ல நிறுவனம் ஒன்றில் இரண்டு சுற்று முடிந்துவிட்டது. மூன்றாவது சுற்று அடுத்த வியாழன் காலை 11 மணிக்கு, வீடியோ வழியாக என்று கன்சல்டன்சியிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். அன்று காலைதான் குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்தில் ஊட்டி மலை ரயில் ஏறுகிறோம். ஞாயிறு இரவுதான் சென்னை திரும்புவோம். அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 72. தன் கை பட்ட எஞ்சின் மலை ஏறும்போது அந்த வண்டியில் ஒருமுறை உட்கார்ந்து போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முன்பதிவு திறந்த அன்றே காத்திருந்து ஐந்து டிக்கெட் எடுத்தேன். இப்போது தேதி மாற்றிக் கேட்டால் எனக்கு ஆர்வமில்லை என்று நினைப்பார்களா? ரயிலில் இருந்தபடியே பேசிவிடலாமா? பயணத்தையே ரத்து செய்துவிடலாமா? மனைவி ‘உங்கள் இஷ்டம்’ என்கிறார்.

- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதை இன்னும் கேட்கவில்லை. ‘வேறு நாள் கிடைக்குமா?’ என்பதுதான் அது. அதைக் கேட்காமலேயே அப்பாவா வேலையா என்று மனதுக்குள் பஞ்சாயத்து வைத்து, தூக்கம் கெட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மனைவியின் ‘உங்கள் இஷ்டம்’ பற்றி நான் கருத்துச் சொல்லப் போவதில்லை. திருமணமானவர்களுக்கு அந்த இரண்டு சொற்களின் பொருள் தெரியும்.

ஆட்களை வேலைக்கு எடுக்கும் தொழிலில் 23 ஆண்டுகளாக இருக்கிறேன். நேர்காணல் மேசையில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும். உங்களுடைய நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 60 நாள், சில இடங்களில் 90 நாள். அதாவது, இந்த வியாழனே உங்களைத் தேர்ந்தெடுத்து, மறுநாளே ஆஃபர் லெட்டர் கொடுத்தாலும், நீங்கள் போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அது தெரிந்துதான் உங்களை மூன்றாவது சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 60 நாள் காத்திருக்கத் தயாராக இருக்கிற நிறுவனம் நான்கைந்து நாள் காத்திருக்காதா?

காத்திருக்கும், பெரும்பாலும். ஆனால் எப்போதும் என்று சொன்னால் அது பொய். மூன்றாவது சுற்று என்றால் நிதிப் பிரிவுத் தலைவர், எச்ஆர் மேலாளர், வேறு ஊர்க் கிளையிலிருந்து ஒருவர் என்று மூன்று பேராவது திரையில் இருப்பார்கள். அந்த மூன்று பேருக்கும் ஒன்றாக ஒரு மணி நேரம் கண்டுபிடிப்பது அந்த எச்ஆர் ஊழியருக்குப் பெரும்பாடு. இறுதிச் சுற்றில் இரண்டு மூன்று பேரை ஒரே நாளில் வரிசையாகப் பார்த்து, மாலையிலேயே முடிவெடுத்துவிடும் நிறுவனங்களும் உண்டு. ‘அடுத்த வாரம் பார்ப்போம்’ என்று சொன்னவரின் முறை வருவதற்குள் வேறொருவர் பிடித்துப்போய்க் கதவு சாத்தப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: தேதியைப் பின்னால் தள்ளிக் கேட்பதைவிட முன்னால் இழுத்துக் கேளுங்கள். செவ்வாய் அல்லது புதன், எந்த நேரமானாலும் சரி, அலுவலகம் திறப்பதற்கு முன் எட்டு மணிக்கு என்றாலும் சரி என்று சொல்லுங்கள். புதன் இரவு நீங்கள் சென்ட்ரலில் ரயில் ஏறும் வரை நேரம் இருக்கிறதே. அது முடியாவிட்டால் ஊர் திரும்பிய மறுநாள், திங்கள். முன்னால் இழுத்துக் கேட்கிறவரை யாரும் ஆர்வமில்லாதவர் என்று நினைப்பதில்லை.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கன்சல்டன்சியில் உங்களோடு பேசுகிற அந்தப் பெண்ணோ பையனோ ‘இந்த ஒரு ஸ்லாட்தான் சார்’ என்று சொல்லியிருப்பார். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆள் வேலையில் சேர்ந்தால்தான் கன்சல்டன்சிக்குக் காசு. அவர்களுக்கு எல்லாமே நாளைக்குள் முடிய வேண்டும். பல நேரங்களில் நிறுவனத்திடம் கேட்டே இருக்க மாட்டார்கள். அதற்காக அவர்களைத் தாண்டிக்கொண்டு நேரே நிறுவனத்துக்கு எழுதுவதும் முறையல்ல, அது பகையில் முடியும். நேர்காணலுக்கான காலண்டர் அழைப்பு உங்கள் மெயிலுக்கு வந்திருக்கும் அல்லவா? அதில் எச்ஆர், கன்சல்டன்சி இருவர் முகவரியும் இருக்கும். இருவருக்கும் சேர்த்து ஒரே பதில் அனுப்புங்கள். அனுப்பிய அரை மணி நேரத்தில் கன்சல்டன்சிக்குப் போன் செய்து ‘மெயில் போட்டிருக்கிறேன், பாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மெயிலை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பொருள் இவ்வளவு போதும்: ‘மூன்றாவது சுற்றுக்கு அழைத்ததற்கு நன்றி. வியாழன் முதல் ஞாயிறு வரை முன்பே முடிவான குடும்பப் பயணத்தில் இருப்பேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் எந்த நேரத்திலும் வர முடியும். இல்லையென்றால் திங்கள் காலை முதல். இவற்றில் எது குழுவுக்கு வசதி என்று சொன்னால் அந்த நேரத்தை ஒதுக்கிவைத்துக்கொள்கிறேன்.’ ஐந்து வாக்கியங்கள். அப்பாவின் ஆசை, பொன்மலை, டிக்கெட் கிடைத்த கதை எதுவும் அதில் வேண்டாம். எனக்கு எழுதும்போது அதெல்லாம் தேவை. அவர்களுக்கு எழுதும்போது கெஞ்சுவது போல ஆகிவிடும். மூன்று முறை மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம்.

பொய்யும் வேண்டாம். ஒருவர், அவரும் கணக்குப் பிரிவுக்காரர்தான், பாட்டி காலமாகிவிட்டார் என்று சொல்லித் தேதி மாற்றிக் கேட்டார். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் உச்சுக் கொட்டினோம், தேதியும் மாற்றிக் கொடுத்தோம். மறுநாள் மதியம் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பைக்காரா படகுத் துறையில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கிறார். எங்கள் பெண் ஒருத்தி அவருடைய எண்ணைச் சேமித்து வைத்திருந்தாள். அவருக்கு அது மறந்துபோயிற்று. உல்லாசப் பயணம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் அந்தத் தேதியை மாற்றித்தான் கொடுத்திருப்போம். கணக்கு எழுத வருகிறவர் பாட்டியையே தள்ளுபடி செய்தால் கடன்காரர்களை என்ன செய்வாரோ என்று நிதிப் பிரிவுத் தலைவர் சிரித்தார். பிறகு கோப்பை மூடிவிட்டார்.

இனி ரயிலிலிருந்தே பேசுவது பற்றி. இந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். காலை 7.10க்குப் புறப்படும் வண்டி, நேரத்துக்குப் போனால், 11 மணிக்குக் குன்னூரைத் தாண்டியிருக்கும். தாமதமானால் இன்னும் பல்சக்கரப் பாதையில் ஊர்ந்துகொண்டிருக்கும். 46 கிலோமீட்டர் தூரத்துக்கு 16 குகைகள். ஒவ்வொரு குகையிலும் பெட்டி முழுக்கக் குழந்தைகள் கூச்சல் போடும், பெரியவர்களும் போடுவார்கள். சிக்னல் வளைவுக்கு வளைவு வரும், போகும். எதிரே நிதிப் பிரிவுத் தலைவர் உள்ளீட்டு வரி வரவைப் பற்றிக் கேட்கும்போது உங்கள் மகன் ‘அப்பா, அருவி!’ என்று முழங்கையைப் பிடித்து இழுப்பான். இழுக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

விடுதி அறையிலிருந்து பேசியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு மலை ஊரிலிருந்து பேசிய ஒருவரை இப்போதும் நினைவிருக்கிறது. பின்னால் பூப்போட்ட திரைச்சீலை, கட்டிலில் அவசரமாக ஒதுக்கிவைத்த கம்பளி, ஓரத்தில் ஈரத் துண்டு. அதையெல்லாம் யாரும் தவறாக எண்ணவில்லை. குளியலறைக் கதவு திறந்து ஒரு குட்டிப் பெண் எட்டிப் பார்த்து, ‘முடிந்துவிட்டதா அப்பா?’ என்று கேட்டபோது நாங்கள் மூவருமே சிரித்தோம். சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. அந்த நிமிடத்திலிருந்து அவர் ஒவ்வொரு பதிலையும் சுருக்கி, எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பேசினார். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பில் எதை முதலில் பார்ப்பீர்கள் என்று கேட்டோம். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர், ஒரே வரியில் பதில் சொன்னார். ஒரு வாரம் கழித்துக் கேட்டிருந்தால் பத்து நிமிடம் பேசியிருப்பார் என்று எனக்குத் தெரியும். குறிப்பில் ‘அனுபவம் மேலோட்டமானது’ என்று எழுதப்பட்டது. அவர் மீது நியாயமில்லாத வரி அது. ஆனால் எங்கள் கையில் இருந்தது அந்த 25 நிமிடம் மட்டும்தானே.

எல்லா விடுமுறை நேர்காணலும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை. முதல் சுற்று என்பது பல இடங்களில் வெறும் இருபது நிமிடத் தொலைபேசி உரையாடல்: இப்போது என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், எப்போது சேர முடியும். அதைக் கல்யாண மண்டபத்துக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்து பேசி முடித்து, பந்திக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வருகிறவர்களுக்கு அந்த விடுமுறையே நேர்காணலுக்கான காலம். அவர்கள் கணக்கு வேறு. அரசுத் தேர்வு வாரியங்களின் நேர்முகத் தேர்வு என்றால் அழைப்புக் கடிதத்தில் இருக்கிற தேதிதான் தேதி. அங்கே போய் ஊட்டி, டிக்கெட் என்று பேரம் பேச முடியாது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். உங்களுடையது இது எதுவும் இல்லை. தனியார் நிறுவனம், மூன்றாவது சுற்று, உங்களுக்காக இரண்டு சுற்று நேரம் செலவழித்துவிட்டார்கள். இந்த இடத்தில் கேட்டால் கிடைக்கும்.

கேட்டும் கிடைக்கவில்லை என்றால்? வியாழன் 11 மணி, இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் சம்பளம் 19ஆம் தேதி வந்ததை நான் மறக்க முடியாது. வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒன்றாம் தேதியே வந்து நிற்கும்போது, ‘குடும்பம்தான் முக்கியம், போங்கள்’ என்று இங்கே உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்வது எனக்கு எளிது. அதனால் அந்த நிலைமைக்கும் ஒரு வழி சொல்கிறேன்.

பயணத்தை ரத்து செய்யாதீர்கள். அந்த வண்டியில் மறுபடி ஐந்து டிக்கெட் சேர்ந்தாற்போல் கிடைப்பது உங்கள் கையில் இல்லை. இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாதத்துக்கு எப்படிப் பறந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஊட்டியில் இறங்கிய பிறகு குன்னூர் வரை ஒருமுறை போய்வந்து ஈடுகட்டிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே ஓடுவது டீசல் எஞ்சின். அப்பா பார்க்க நினைக்கிற நீராவி எஞ்சின் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் ஓடுகிறது. அதனால் அவரும் மற்றவர்களும் திட்டமிட்டபடி ரயிலில் போகட்டும். நீங்கள் மட்டும் மேட்டுப்பாளையத்திலேயே இறங்கி, நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அரை நாளுக்கு அறை எடுங்கள். முந்திய நாளே போன் செய்து, அறையில் சிக்னல் எப்படி, மின்தடை வந்தால் ஜெனரேட்டர் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பஸ் பிடித்து முன்னால் ஊட்டிக்குப் போய்விட்டால் 11 மணிக்கு அறையில் இருக்கலாமே என்று தோன்றும். ரயிலை விட பஸ் வேகம்தான், சாதாரண நாளில் அது நல்ல யோசனையும்கூட. மே மாதத்தில் அந்த மலைப்பாதையை நம்பி நேர்காணல் வைத்துக்கொள்ளாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. இருந்தும் சீசனில் பர்லியாறு வளைவுகளில் வண்டி வண்டியாக நிற்பதைப் பார்க்கலாம். சமவெளியில் பேசி முடித்துவிட்டு, மதியம் சாப்பிட்டு, அரசு பஸ்ஸில் நிதானமாக ஏறுங்கள். இருட்டுவதற்குள் அவர்களோடு சேர்ந்துவிடலாம். அப்பா ரயிலைப் பற்றி உங்களுக்குக் கதை சொல்வார். நீங்களும் கூட இருந்து பார்த்தது போல் ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

தெரியும் என்று சும்மா சொல்லவில்லை. 2008இல் அம்மாவை ராமேசுவரத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். அன்று காலை ஒரு நிறுவனத்திலிருந்து போன் நேர்காணல். மாற்றிக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற அதே பயம் எனக்கும். அம்மா ஈரப் புடவையோடு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கிணறு கிணறாகப் போனார். நான் கிழக்குக் கோபுரத்துக்கு வெளியே ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகளில் எங்கே இருப்பேன் என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்தது. 11 மாதத்தில் அதை விட்டுவிட்டேன். அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. ‘கடல் பக்கத்திலேயே இருந்தும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கவே இல்லையடா, நீதான் பார்க்கவில்லை’ என்று மட்டும் எப்போதாவது சொல்வார். வியாழக்கிழமை வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதில் அந்தக் கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதைக் கழித்துக்கொண்டே என் யோசனையை எடைபோடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. சம்பளம் தள்ளிப்போகும் நிறுவனத்தில் அடுத்து தள்ளிப்போவது பெரும்பாலும் வருங்கால வைப்பு நிதிதான். உங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்தை நிறுவனம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஊருக்குப் புறப்படுவதற்கு முன் யூஏஎன் என்கிற உங்கள் வைப்பு நிதிக் கணக்கு எண்ணைப் போட்டு இணையத்தில் பாஸ்புக்கைத் திறந்து, கடந்த மூன்று மாதம் வரவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுக்க ஊரார் கணக்கைப் பார்க்கிறவர்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை. நான் சந்தித்த அக்கவுன்டன்ட்களில் பாதிப் பேர் இப்படித்தான். வரவு ஏறவில்லை என்றால், இந்த ஒரு நேர்காணலை மட்டும் நம்பி உட்காராமல் இன்னும் இரண்டு இடங்களிலாவது விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

உங்களுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மெயிலை இன்றே, மதியத்துக்குள் அனுப்புங்கள். வெள்ளி மாலை வரை யோசித்துக்கொண்டிருந்தால் அது திங்கள் காலை நூறு மெயில்களுக்கு அடியில் கிடக்கும். செவ்வாய்க்கிழமை உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

செவ்வாயோ புதனோ கிடைத்துவிட்டால், வியாழன் காலை ஒன்றைக் கவனியுங்கள். ஏறும்போது எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும்; அப்பாவுக்குத் தெரியும், குழந்தைகளுக்குத் தெரியாது. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள், கொஞ்ச நேரம் வண்டி நிற்கும். அப்போது அப்பாவைக் கைப்பிடித்து இறக்கி, எஞ்சின் பக்கம் அழைத்துப் போங்கள். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.